விளக்கக் கடிதத்தின் முதல் பக்கம்

1

இந்தக் கதை ஒரு கடிதத்திலிருந்து வந்தது. கடிதம் எழுதிக் கொடுக்கச் சொல்லித்தான் நாகஜோதி என்னிடம் வந்தாள். கதை எழுதச் சொல்லி என்னிடம் இதுவரை யாரும் வந்ததில்லை. அவள் மதுரை கே.கே. நகரில் எங்கள் வீட்டு மாடியில் மூன்று வருடமாகக் குடியிருக்கிறாள். என் பெயர் முபீனா, தனியார் பள்ளியில் இங்கிலீஷ் நடத்துகிறேன், நாலைந்து பத்திரிகைகளில் கதைகள் வந்திருக்கின்றன. கதை விஷயம் அவளுக்குத் தெரியாது. டீச்சருக்கு நல்ல இங்கிலீஷ் வரும், அவ்வளவுதான் தெரியும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கோபத்தில்தான் எழுதுகிறேன். ஆறவிட்டு எழுத வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆறிவிட்டால் நான் எழுத மாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"ஒஹையோ மாநிலத்தில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் வால்டர் என்ற முதியவர்—"

நிறுத்திவிட்டேன். நான் பனியைப் பார்த்தது கொடைக்கானலில், அதுவும் புல் நுனியில். ஒஹையோவைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

"மதுரை ரிங் ரோட்டில் வானளாவ எழுந்து நிற்கும் கண்ணாடிக் கட்டடத்தின்—"

இது பிளாட் விற்கிறவன் நோட்டீஸ்.

"நாகஜோதி ஒரு கொலை செய்தாள்."

இதைப் படித்தால் நீங்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள். உங்களை நிமிர வைக்கத்தான் எழுதினேன், அதனாலேயே அடித்துவிட்டேன். ஆகவே வளைக்காமல் சொல்கிறேன்.

3

நாகஜோதி நர்சிங் படித்தவள். ஊர் திருமங்கலத்துக்குப் பக்கம். அம்மாவும் நாலு வயது மகளும் அங்கே இருக்கிறார்கள், இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. புருஷன் எங்கே என்று கேட்காதீர்கள், நானும் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில் நின்று நின்று கால் வீங்கியதுதான் மிச்சம் என்று ரிங் ரோட்டுக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள்.

அந்தக் கம்பெனி ஓர் அமெரிக்க இன்சூரன்ஸ்காரனுக்கு வேலை பார்க்கிறது. அங்கே நோயாளிக்கு டாக்டர் ஒரு வைத்தியம் சொன்னால் மட்டும் போதாது, இன்சூரன்ஸ்காரனும் சரி என்று சொல்ல வேண்டும். அந்தச் சரியும் இல்லையும் மதுரையில் தயாராகின்றன. ஒரு ஃபைலுக்கு நாலு நிமிடம், ஒரு நாளைக்கு நூற்றுப் பத்து ஃபைல். கம்ப்யூட்டரே முதலில் 'தேவையில்லை' என்று போட்டு வைத்திருக்கும். நாகஜோதி சரிபார்த்து மூட வேண்டும். கம்ப்யூட்டர் சொன்னதை மாற்றினால் ஒரு பக்கத்துக்குக் காரணம் எழுத வேண்டும். நாலு நிமிடத்தில் எவள் ஒரு பக்கம் எழுதுவாள்? பிறகு அமெரிக்காவில் ஒரு டாக்டர் எல்லாவற்றுக்கும் மொத்தமாகக் கையெழுத்துப் போடுவார்.

வால்டருக்கு* எழுபத்தோரு வயது. பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து, நடக்கப் பழக்கும் இடத்தில் சேர்த்திருந்தார்கள். இன்னும் இரண்டு வாரம் வேண்டும் என்று டாக்டர் கேட்டிருந்தார். ஆள் பிடிக்காமல் அவரால் பாத்ரூம் வரை போக முடியவில்லை என்று பயிற்சி கொடுப்பவர் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். அது ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. நாகஜோதி ஒன்பதாம் பக்கத்தைத் திறக்கவில்லை. 'தேவையில்லை' என்று மூடிவிட்டு லெமன் சாதம் சாப்பிடப் போனாள்.

[லெமன் சாதம் நான் சேர்த்தது. அன்றைக்கு என்ன சாப்பிட்டாள் என்று அவளுக்கு ஞாபகமில்லை. வந்த அன்று அதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.]

வால்டரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆறாம் நாள் பாத்ரூமில் விழுந்து செத்துப்போனார். ஒரு மாதம் கழித்து அவர் மகள் எழுதிய புகார் அதே ஃபைலில் சேர்ந்து, வரிசைப்படி சுற்றி, நாகஜோதியின் திரைக்கே வந்தது. அடியில் மூடியவரின் எண் இருந்தது. அது அவளுடைய எண்.

* வால்டர் என்பது நான் வைத்த பெயர். உண்மைப் பெயரை அவள் எனக்குச் சொல்லவில்லை. கம்பெனி விதிகளில் அவள் மீறாமல் விட்டது அது ஒன்றுதான்.

4

இந்த இடத்தில் கதையை நிறுத்திக் கொஞ்சம் கத்திக்கொள்கிறேன். பிடிக்காதவர்கள் ஐந்துக்குப் போகலாம்.

எங்கள் ஊரில் அமெரிக்காவைப் பற்றிப் பேசாத டீக்கடை கிடையாது. யார் ஜெயிப்பார், யாரைச் சங்கிலி போட்டு நாடு கடத்துகிறார்கள், எந்தப் பள்ளிக்கூடத்தில் எவன் சுட்டான், எல்லாவற்றுக்கும் நம்மிடம் கருத்து இருக்கிறது. வைத்தியம் கிடைக்காமல் செத்தவர்களின் செய்தியைச் செல்போனில் பார்த்து, "என்ன நாடுய்யா அது" என்று உச்சுக் கொட்டுகிறோம். அந்த வைத்தியத்தைத் தேவையில்லை என்று தள்ளிய விரல் பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டிக்கொண்டு நிற்கிறது. தன் சனத்துக்குச் செய்கிற அநியாயத்தைக்கூடச் சொந்த ஆளை வைத்துச் செய்ய அமெரிக்காக்காரனுக்குக் கட்டுப்படியாகவில்லை. கொண்டுவந்து நம் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டான். நாமும் வேலைவாய்ப்பு என்று பேனர் கட்டினோம். அங்கே மேடையில், இந்தியாக்காரன் நம் வேலையைத் திருடிவிட்டான் என்று ஒருவர் பேசினால் கூட்டம் கை தட்டுகிறது. எந்த வேலையைத் திருடினோம் என்று ஒருத்தராவது கேட்டார்களா?

கத்தி முடித்துவிட்டேன்.

5

சாவு விழுந்த வீட்டை எங்களில் மவுத்து வீடு என்போம், அவர்களில் கேத வீடு. பெயர்தான் வேறு. நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போய்த் தலை காட்ட வேண்டும். அதுவும் செத்தவருக்கும் நமக்கும் ஒரு மனத்தாங்கல் இருந்தால் கட்டாயம் போக வேண்டும். போய் ஏதும் பேச வேண்டியதில்லை, உட்கார்ந்திருந்தால் போதும். கிளம்பும்போது போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக் கூடாது.

நாகஜோதி அமெரிக்காவுக்குக் கேதம் கேட்டாள்.

அவர்கள் வேலை செய்கிற தளத்துக்குள் செல்போன் கிடையாது, பேனாவும் பேப்பரும்கூடக் கொண்டுபோக விடமாட்டார்கள். ஆகவே புகாரில் இருந்த வால்டர் மகளின் நம்பரை மனப்பாடம் செய்தாள். வேலை முடிந்து பஸ் ஸ்டாப்பில் நின்று, சாயங்காலம் ஏழு மணிக்குத் தன் செல்லிலிருந்து அடித்தாள். அங்கே அப்போது காலை.

"என்ன பேசுன, என்ன பேசுனன்னு ஆபீஸ்ல குடையுறாங்க டீச்சர்" என்றாள். "நான் பேசவே இல்ல. அப்பா தவறுனதக் கேள்விப்பட்டேன்னு ஒரே வரி. அப்புறம் சும்மா இருந்தேன். கேதத்துல என்னத்தப் பேச?"

அந்த மகளை நினைத்துப் பாருங்கள். தெரியாத நாட்டு நம்பர், இந்தியக் குரல், அப்பாவின் சாவைச் சொல்கிறது, பிறகு பேச்சே இல்லை. இந்தியாவிலிருந்து போன் செய்து வயதானவர்களின் பணத்தைப் பிடுங்குகிற கூட்டத்தைப் பற்றி அவள் தினமும் கேட்கிறவளாக இருப்பாள். மூன்று முறை ஹலோ சொன்னாள். பிறகு, செத்தவரைக்கூட விட மாட்டீர்களா, நீங்களெல்லாம் மனிதர்களா என்று அலறினாளாம். நாகஜோதி முழுவதையும் கேட்டாள். கேத வீட்டில் வைதால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றுதான் அவளுக்குத் தெரியும். எல்லாம் முடிந்ததும் போனை வைத்துவிட்டாள், சொல்லிக்கொள்ளாமல்.

6

மகள் இன்சூரன்ஸ்காரனுக்குப் புகார் செய்ய, அவன் இங்கே விசாரிக்க, நாலே நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள். வேலைக்கு வராதே, திங்கள் காலை பத்து மணிக்குள் விளக்கக் கடிதம் கொடு என்றார்கள்.

சனிக்கிழமை அவளுடைய டீம் லீடர் சிவராம் வீட்டுக்கே வந்தான். அவனை வில்லனாக்க எனக்கு ரொம்ப ஆசை. ஆனால் தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரை அலசி வைத்தான், எனக்கு எழுத வரவில்லை. 'அந்த ஃபைலின் முடிவில் எனக்குப் பங்கில்லை, ஏதோ மன உளைச்சலில் போன் செய்துவிட்டேன்' என்று மட்டும் நாகஜோதி எழுதினால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள் என்றான்.

"அந்தம்மா கேஸ் போடப்போகுது. ஃபைல நான்தான் மூடுனேன், முழுசாப் பாக்கலன்னு நீ எழுதிக் குடுத்தா அது அந்தம்மாவுக்குச் சாட்சி. உனக்கு வேல போயிரும், எங்க அம்புட்டுப் பேருக்கும் புராஜெக்ட் போயிரும். பாத்துக்க" என்றான்.

7

ஞாயிற்றுக்கிழமை இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்று சிவராம் சொன்னபடி. இன்னொன்று உண்மை; அதில் மனசாட்சி, மானுடம் என்றெல்லாம் வந்தது, நானே படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

நாகஜோதி இரண்டையும் படித்தாள். முதலாவதில் நான் கிறுக்கியா இருக்கேன் என்றாள். இரண்டாவதில் ரொம்ப நல்லவளா இருக்கேன் என்றாள். அந்த இரண்டு பேரையும் தனக்குத் தெரியாது என்றாள்.

"நான் சொல்றத மட்டும் அப்படியே இங்கிலீஷ்ல எழுதுங்க டீச்சர். அந்த ஃபைல நான்தான் மூடுனேன். ஒம்பதாம் பக்கத்தப் பாக்கல, பாக்க நேரம் குடுக்கல. ஆளு செத்துட்டாரு. கேதம் கேட்டேன், அது தப்பில்ல. எனக்கு இந்த வேல வேணும்."

உண்மையையும் சொல்லி வேலையையும் கேட்டால் எப்படியம்மா தருவார்கள் என்றேன்.

"ஏன் தரக் கூடாது?" என்று கேட்டாள்.

பதில் தெரிந்தவர்கள் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நான் அப்படியே டைப் செய்தேன். பெரிய எழுத்தில் இரண்டு பக்கம் வந்தது. முதல் பக்கத்தில் ஃபைல், ஒன்பதாம் பக்கம், நாலு நிமிடம். இரண்டாம் பக்கத்தில் கேதம், வேலை, கையெழுத்து.

8

இங்கே ஒரு முடிவு வைக்கலாம். அந்த மகள் திரும்ப அழைக்கிறாள். அன்று வைததற்கு மன்னித்துவிடு, உங்கள் கம்பெனியிலிருந்து எங்கள் அப்பாவை விசாரித்த ஒரே ஆள் நீதான் என்கிறாள். இரண்டு பெண்களும் ஏழு கடல் தாண்டிச் சேர்ந்து அழுகிறார்கள். உங்கள் தொண்டையும் அடைக்கும். அப்புறம் நீங்கள் நிம்மதியாக—

தரமாட்டேன். அவள் அழைக்கவில்லை.

9

நடந்தது இது. நாகஜோதி இரண்டாம் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். கவரில் போட்டு ஒட்டி வையுங்கள், ஊரில் மகளோடு பேசிவிட்டுக் காலையில் வாங்கிக்கொள்கிறேன் என்று மாடிக்குப் போனாள். என் கணவர் ஜுல்பிகர் கடிதத்தை எடுத்துப் படித்தார். "உண்மைதான், நல்லாத்தான் இருக்கு" என்றார். "அந்தப் பிள்ளைக்கு நாளைக்குச் சோறு யாரு போடுவா?" என்றார். அவர்மேல் பழி போட மாட்டேன். அவர் கேட்டுவிட்டுத் தொழப் போய்விட்டார்.

முதல் பக்கத்தை எடுத்துக் கிழித்தேன். புதிதாக ஒரு முதல் பக்கம் டைப் செய்தேன். இந்த ஃபைலில் எடுத்த முடிவில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை என்று அவள் குரலில் எழுதினேன். அவள் கையெழுத்திருந்த இரண்டாம் பக்கத்தோடு அதைச் சேர்த்துப் பின் அடித்து, கவரில் போட்டு ஒட்டினேன். பத்து நிமிட வேலை. அவளுக்கு எது நல்லது என்று அவளைக் கேட்காமல் நானே முடிவெடுத்தேன். அதை எடுக்க எனக்கு எந்தக் கம்ப்யூட்டரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

யார்மேல் கோபம் என்று இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

10

வியாழக்கிழமை அவளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். சாயங்காலம் கால் கிலோ அல்வாவோடு வந்தாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

"உண்மைய எழுதியும் எடுத்துக்கிட்டாங்க டீச்சர். நாமதான் தப்பா நெனச்சுட்டோம். அங்கயும் மனுசங்கதான் இருக்காங்க" என்றாள். அந்த மகளும் கேஸ் போட்டு ஜெயித்துவிடுவாள், நம்ம கடுதாசி இருக்குல்ல என்றாள்.

அந்த மகள் கேஸ் போட்டால், நாகஜோதியின் கையெழுத்தோடு அந்தத் தாள் அந்த மகளுக்கே எதிராகத்தான் வந்து நிற்கும். நல்ல இங்கிலீஷ், ஒரு பிழை இருக்காது.

இந்தக் கதைக்கு என்னிடம் முடிவு இல்லை. மாடிக்குப் பதினாறு படி, ஒரு வாரமாக என்னால் ஏற முடியவில்லை. அவள் பத்திரிகை படிக்கிறவள் இல்லை; நீங்கள் படிக்கிறீர்கள். தெரிந்தால் அன்றைக்கே வேலையை எறிந்துவிடுவாள், எனக்குத் தெரியும். தெரியாவிட்டால் அந்த நல்ல மனிதர்களுக்காக நாளைக்கும் எட்டரை மணிக்குக் கிளம்புவாள்.

அல்வா நன்றாக இருந்தது என்று அவளிடம் சொல்லிவிட்டேன். மீதியை நீங்கள் போய்ச் சொல்லுங்கள்.