நிதியில் வந்த வக்கீலம்மா

இன்னும் ஒரே ஒரு விளம்பரம். அது முடிந்தால் தொடர் நாடகம்.

ஆபரேட்டரின் விரல் விசைப்பலகைக்கு மேலே அந்தரத்தில் நின்றது. வானொலி நிலையத்தில் அவர் செய்யும் வேலைகளிலேயே ரொம்பச் சின்ன வேலை இதுதான். ஒவ்வொரு நிகழ்ச்சி தொடங்கும்போதும் அது என்ன வகை என்று ஒரு தட்டுத் தட்ட வேண்டும். செய்தி, விளையாட்டு, வானிலை, நாடகம், நிதி... ஒலியோடு ஒட்டிக்கொண்டு அந்தக் குறியீடும் காற்றில் போகும். வீட்டிலிருக்கும் டிஜிட்டல் ரேடியோவில் 'நாடகம்' என்று வைத்துவிட்டால் போதும். எந்த நிலையத்தில் நாடகம் தொடங்குகிறதோ, அங்கே பெட்டி தானாகவே தாவிப்போய் நின்றுகொள்ளும்.

அவர் வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி. இந்த நேரத்துக்கு அவருடைய ஆறு வயது மகள், வாலு என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள், அதன் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்திருப்பாள்.

தொடரில் வக்கீலாக நடித்தவள் வாலுவின் அம்மா. ஆபரேஷனுக்குப் போகும் முன், "நான் திரும்பி வர்ற வரைக்கும் கையிருப்பு வேணும்ல" என்று பகுதி பகுதியாகப் பேசிப் பதிவு செய்து கொடுத்துவிட்டுப் போனாள். கையிருப்பு வந்தது. அவள் வரவில்லை.

அம்மா செத்துப்போனது வாலுவுக்குத் தெரியும். பள்ளியில் கேட்டவர்களுக்கெல்லாம் அவளே சொன்னாள். ஆனால் சாயங்காலம் பெட்டி தாவி, "நான் இருக்கேன்ல, எதுக்கு அழறே?" என்று வக்கீலம்மா தன் கட்சிக்காரர்களைத் தேற்றும்போது, "நான் அழலையே" என்று பதில் சொல்வாள். அதை நிறுத்த யாருக்கும் மனம் வரவில்லை.

நேற்றோடு கையிருப்பு தீர்ந்தது. இன்று முதல் அதே வக்கீல், வேறு நடிகை.

"தொடரை நிறுத்த முடியாதுய்யா. மனசைத் தேத்திக்கோ" என்று காலையிலேயே தயாரிப்பாளர் தோளில் தட்டியிருந்தார். "புதுப் பொண்ணு அச்சு அசலா அதே மாதிரி பேசறா."

"அதுதான் சார் பயமா இருக்கு."

விளம்பரம் முடிந்தது. விரல் இறங்கியது. 'நாடகம்' மேல் அல்ல. 'நிதி' மேல்.

வாலுவின் பெட்டி இன்று தாவாது. இன்னைக்கு நாடகம் இல்லைபோல என்று எழுந்து போய்விடுவாள். நாளையும் அப்படியே. கொஞ்ச நாளில் பழகிவிடும். அவர் போட்ட திட்டம் அவ்வளவுதான்.

டெலிபோன் அலறியது.

"ஏங்க, ரேடியோ நிலையமா? பங்குச்சந்தை கேக்கலாம்னு நிதியில வச்சிருக்கேன். யாரோ ஒரு அம்மா கோர்ட்டுல சத்தம் போட்டுட்டிருக்காங்க!"

"சின்னக் கோளாறு சார். சரி பண்ணிடறோம்."

"அவசரமே இல்ல. நான் வாங்கின ஷேருக்கு இப்ப வக்கீல்தான் தேவை."

வேறொரு நாளாயிருந்தால் சிரித்திருப்பார். சத்தம் கேட்டு எட்டிப்பார்த்த தயாரிப்பாளரின் பார்வை திரையிலிருந்த 'நிதி'யில் நிலைத்தது. என்னவோ திட்ட வாயெடுத்தவர், ஆபரேட்டரின் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டார். "இன்னைக்கு ஒரு நாள்தான்" என்று கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

நாடகம் முடிந்த கையோடு மறுபடி டெலிபோன். அக்கா. வாலுவைப் பார்த்துக்கொள்ள வந்திருப்பவள்.

"டேய், என்னடா பண்ணித் தொலைச்சே?"

"ஏன்க்கா?"

"பெட்டி தாவலைன்னதும் ஒவ்வொரு வகையா தேட ஆரம்பிச்சுட்டாடா. செய்தியில இல்ல, வானிலையில இல்ல, விளையாட்டுல இல்ல. சாப்பிட வாடின்னா, 'இருங்க அத்தை, அம்மா எங்கேயோ மாட்டிக்கிட்டாங்க'ன்னு சொல்லிட்டுத் திருகறா, திருகறா, விடவே மாட்டேங்கறா. கடைசியில நிதியில பிடிச்சுட்டா."

அந்தப் பெட்டியின் சின்னத் திரையில் ஓடும் வார்த்தைகளைக் காட்டித்தான் அம்மா அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கவே சொல்லிக்கொடுத்தாள். இதைப் போய் அவர் எப்படி மறந்தார்?

"கேட்டாளா?"

"கேட்டா. அந்தப் பொண்ணு, 'எதுக்கு அழறே'ன்னு கேட்டுச்சு. நம்ம வாலு பதிலே சொல்லலைடா."

வீட்டுக்குள் நுழைந்தபோது வாலு பெட்டியை விட்டு அசையவில்லை. தட்டில் சோறு ஆறிப்போயிருந்தது.

"அப்பா, நீ தப்பா அமுக்கிட்டியா?"

அவர் செருப்பைக் கழற்ற மறந்து நின்றார். "ஆமாம்டா கண்ணு."

"பாத்தீங்களா அத்தை, நான் சொன்னேன்ல!" அவள் முகம் பளிச்சென்று மலர்ந்தது. "தப்பா அமுக்கினதால வேற ஆன்ட்டி வந்துட்டாங்க. நாளைக்குச் சரியா அமுக்குப்பா. அம்மா வந்துடுவாங்க." குமிழைத் திருகி 'நாடகம்' என்ற இடத்தில் பத்திரமாக நிறுத்தினாள். "ப்ராமிஸ் பண்ணு."

நீட்டிய உள்ளங்கை. சமையலறை வாசலில் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஊம் என்று ஒரு வார்த்தை சொன்னால் இன்றைய இரவு கழிந்துவிடும்.

அவர் தரையில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "சரியா அமுக்கினாலும் வரமாட்டாங்கடா. அம்மா பேசி வச்சதெல்லாம் தீர்ந்துபோச்சு."

வாலு யோசித்தாள். "எதை அமுக்கினாலுமா?"

"எதை அமுக்கினாலும்."

அவள் உதடு பிதுங்கியது. அம்மா போன நாளிலிருந்து அழாத பிள்ளை, அப்பாவின் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். "நான் இருக்கேன்ல" என்று ஆரம்பித்தார் அவர்.

'எதுக்கு அழறே' என்ற மீதியை அவர் கேட்கவில்லை.