மொட்டைப் பாறைக்குக் கிழக்கே

மார்ச் பதினொன்றாம் தேதி தொடங்கி மூன்று நாளில், காட்டின் ஏழாம் பகுதியில், மொட்டைப் பாறைக்குக் கிழக்கே இறங்கும் சரிவில் பொந்து விழுந்த முதிய மரங்கள் முப்பத்தொன்று அளந்து குறிக்கப்பட்டன. அளந்தவர் ஒருவர்.

அலுவலகத்தில் அவருக்குச் சங்கிலி என்று பேர். அளவுச் சங்கிலி போய் நாடா வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. பதினேழு வருடமாக அவருக்கு ஒரே வேலை. வெட்டுக்குப் போகவிருக்கும் காட்டுக்குள் நுழைந்து, எதில் கை வைக்கக் கூடாது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஆந்தை குஞ்சு பொரிக்கும் மரம், கோடையிலும் வற்றாத ஊற்று, வேறு எங்கும் முளைக்காத செடி நிற்கும் சரிவு. அவர் கொடுக்கும் எண்களை வைத்துப் படத்தில் பச்சைக் கோடு போடுவார்கள். கோட்டுக்குள் ரம்பம் வராது. வெளியே இருப்பதற்கு நாதி கிடையாது.

ஜூன் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் ஏழாம் பகுதியின் அச்சிட்ட படம் தபாலில் வந்தது. கூடவே ஒரு தாள்: வெட்டு திங்கட்கிழமை தொடங்கும். சாப்பாட்டு மேசையில் தட்டை ஒதுக்கிவிட்டுப் படத்தை விரித்தார். மேசையைச் சுற்றி நான்கு நாற்காலி. மூன்றில் பழைய செய்தித்தாளும் துவைத்து மடிக்காத துணியும் கிடந்தன.

பச்சைக் கோடு பாறைக்கு மேற்கே இருந்தது.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். மேற்கே வெறும் புதர்தான். அங்கே உட்கார்ந்துதான் மூன்று நாளும் மதியச் சாப்பாட்டை முடித்தார். முதுகு சாய்க்க ஒரு மரம் இல்லையே என்று அலுத்துக்கொண்டதுகூட ஞாபகம் இருந்தது.

படம் வரையும் பெண்ணைத் தொலைபேசியில் பிடித்தார்.

"சார், நீங்க குடுத்த எண்ணைத்தான் போட்டிருக்கேன். மொத மரம், பாறையிலேர்ந்து எண்பது மீட்டர், திசை இருநூத்தி அறுபது. இருநூத்தி அறுபதுன்னா மேற்குதானே சார்?"

"மேற்கே ஒரு மரம்கூட கெடையாதும்மா."

"அப்ப கோளாறு என்கிட்ட இல்ல. உங்க நோட்டப் பாருங்க."

பார்த்தார். அவர் கையெழுத்துதான். இருநூற்று அறுபது, இருநூற்று ஐம்பத்திரண்டு, இருநூற்று எழுபத்தொன்று. முப்பத்தொன்றும் மேற்கு.

அடர்ந்த காட்டுக்குள் இடங்காட்டும் கருவிக்குச் செயற்கைக்கோள் சமிக்ஞை கிடைக்காது. அதனால் மரமில்லாத பாறைமேல் ஓரிடத்தைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து ஒவ்வொரு மரமும் எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் என்று எழுதுவது வழக்கம். பாறைமேல் சிவப்புத் துணி கட்டிய கழி நிற்கும். அவர் நாடாவை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்குவார். மரத்தில் முதுகை ஒட்டி நின்று, திசைகாட்டியைச் சிவப்புத் துணிக்கு நேரே பிடித்து, எண்ணைக் கத்துவார். பாறைமேல் உட்கார்ந்து அதை நோட்டில் எழுதுவது மனைவியின் வேலை. பதினேழில் பதினாறு வருடம் அப்படித்தான் நடந்தது. போன வருடம் அவளுக்கு முட்டி தேய்ந்து, மேடு பள்ளம் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வைத்தியத்துக்காக மூன்று மாதம் என்று மகள் வீட்டுக்குப் போனவள், பதினோரு மாதமாக அங்கேயே இருக்கிறாள். இந்த முறை எண்ணைச் சொன்னதும் அவர், எழுதியதும் அவர்.

மரத்தடியில் நின்று பாறையைப் பார்த்தால் கிடைப்பது மரத்திலிருந்து பாறைக்குப் போகும் திசை. வேண்டியது பாறையிலிருந்து மரத்துக்கு. இப்போதுதான் அது அவருக்கு உறைத்தது. இந்த முப்பத்தொன்றோடு போனால் பரவாயில்லை. பதினாறு வருடமும் இப்படித்தானே எண்ணைக் கத்தியிருக்கிறார்? அத்தனை காடுகளிலும் கோடு எந்தப் பக்கம் விழுந்திருக்கும்?

மனைவியை அழைத்தார்.

"என்ன, இன்னிக்கு ஞாயித்துக்கெழம இல்லையே?" என்றாள்.

"ஒண்ணு கேக்கணும். நான் மரத்தடியில நின்னு எண்ணு சொல்லுவேன்ல, அத நீ அப்படியே எழுதுவியா?"

"அப்படியே எழுதுனா மரமெல்லாம் பாறைக்கு அந்தப் பக்கம் போய் நிக்கும். நூத்தி எண்பதக் கழிச்சுத்தான் எழுதுவேன். சின்ன எண்ணா இருந்தா கூட்டுவேன்."

"எப்பவுமா?"

"மொத வருஷமே கண்டுபிடிச்சுச் சொன்னேனே. மழை வருது, சொல்றத எழுதுன்னு எரிஞ்சு விழுந்தீங்க. உங்ககிட்ட வாதாட எனக்குத் தெம்பில்ல. நானே திருப்பிப் போட்டுட்டேன்."

"பதினாறு வருஷமும்?"

"நீங்க கத்துறதுல பாதி காதுலயே விழாது. விழுந்த பாதியாவது நேரா இருக்கட்டும்னுதான்." பிறகு குரல் மாறியது. "ஏன், என்னாச்சு?"

சொன்னார். எத்தனை மரம் என்று கேட்டாள். எப்போது வெட்டு என்று கேட்டாள்.

"அப்ப என்கூட என்ன பேச்சு? ஆபீசுக்குப் போங்க."

முட்டி எப்படி இருக்கிறது என்று அவர் கேட்க வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அலுவலகம் திறக்கும்போதே வாசலில் நின்றார். தவறு தன்னுடையது என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். படம் வரையும் பெண் பத்து நிமிடத்தில் எண்களைத் திருப்பிவிட்டாள். அதிகாரிதான் தாளைக் கீழே வைக்காமல் படித்துக்கொண்டிருந்தார்.

"ஒப்புதல் ஆன படத்தத் திருத்தணும்னா மூணு கையெழுத்து வேணும். மூணாவது ஆள் ஊர்ல இல்ல. திங்கக்கெழமதான் வருவார்."

"ரம்பமும் திங்கக்கெழமதான் சார் வருது."

"தெரியுது. பழைய படத்துக்குக் குடுத்த எண்ணுலயும் உங்க கையெழுத்துதான் இருக்கு." தாளைக் கீழே வைத்துவிட்டு, "இதுக்கு முன்னாடி போட்டதெல்லாம்?" என்றார்.

"அதெல்லாம் சரியா இருக்கும். எழுதுனது என் வீட்டுக்காரி."

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் சரிவில் நின்றார். வெட்டு மேஸ்திரி படத்தை வண்டியின் முன்பக்கத்தில் விரித்து வைத்திருந்தார்.

"அண்ணே, என் படத்துல இது வெட்டுற எடம்."

"படம் தப்பு."

"யார் போட்டது?"

"நான்தான்."

மேஸ்திரி அவரை மேலும் கீழும் பார்த்தார். "இத்தன வருஷத்துல இப்படி ஒப்புக்கிட்ட ஆள இப்பத்தான் பாக்குறேன். சரி, கீழ்க்கோடியிலேர்ந்து ஆரம்பிக்கிறேன். உங்க பொந்து மரத்துக்கு வர்றவரைக்கும் உங்க நேரம். அதுக்கப்புறம் ஆளுங்கள சும்மா உக்காருங்கன்னு என்னால சொல்ல முடியாது."

மூன்றாவது கையெழுத்து ஆனதும் அலுவலகம் அழைக்கும்; தொலைபேசிக்குச் சிக்னல் எடுப்பது பாறைமேல் மட்டும்தான். அவர் ஏறிப்போய் உட்கார்ந்தார். மனைவியோடு இத்தனை காடு சுற்றியும், பாறைமேல் உட்காரும் வேலையை அவர் ஒருநாளும் செய்ததில்லை. வெயில் நேராகத் தலையில் இறங்கியது. கீழே இலைப்பரப்பு மட்டும் தெரிந்தது, ஆள் தெரியவில்லை. மேஸ்திரி யாரையோ கூப்பிட்டது பாதிதான் மேலே வந்தது. பாக்கியை ஊகிக்க வேண்டியிருந்தது. இப்படித்தான் அவள் நாள் முழுக்க, மரத்தடியிலிருந்து அடுத்த எண் வரும்வரை, பேச்சுத் துணையின்றி இருந்திருக்கிறாள். அவர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டார். எழுத ஒன்றுமில்லை.

ஒரு மணிக்கு மேல் ரம்பச் சத்தம் மேலேறி வந்தது. முதல் பொந்து மரம் ஒன்று இருபதுக்கு விழுந்தது. நேரத்தை எழுதினார். அதற்குப் பிறகு நான்கு நேரங்களை எழுதினார்.

இரண்டு ஐம்பதுக்குத் தொலைபேசி அடித்தது. "சார், மூணு கையெழுத்தும் ஆயிடுச்சு. மேஸ்திரிகிட்டக் குடுங்க, நானே சொல்றேன்," என்றாள் படம் வரையும் பெண்.

"அவர் கீழ இருக்காரும்மா. அங்க எடுக்காது." நோட்டைப் பாறையிலேயே போட்டுவிட்டு இறங்கி ஓடினார். மேஸ்திரி அவர் முகத்தைப் பார்த்தே கையை உயர்த்தினார். ரம்பங்கள் நின்றன.

திருத்திய படத்தில் பச்சைக் கோட்டுக்குள் இருபத்தாறு மரங்கள் இருக்கின்றன. அடுத்த பருவத்திலிருந்து அளவைக்கு இருவராக மட்டுமே அனுப்புவது என்று அலுவலகம் விதி செய்தது. துணைக்கு யார் வருவார்கள் என்று சங்கிலியிடம் கேட்டார்கள். அவர் யார் பெயரையும் எழுதிக் கொடுக்கவில்லை. அந்தப் பருவத்தில் அளவைக்குப் போவோர் பட்டியலில் அவர் பெயர் இல்லை.