தானாக நகர்ந்த அம்புக்குறி

போட்டோக்காரருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அதைவிடப் பெரிய சொத்து அவருடைய பிடிவாதம். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார். நாலாவது காலைக் கொண்டுவந்து காட்டினால், அது வேறு முயலுடையது என்பார். அப்பேர்ப்பட்ட மனிதர் அன்று காலை, தன் கடையில், தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"அத மட்டும் எடுத்துடாதம்மா. மத்தத என்ன வேணா பண்ணிக்கோ."

அவள் நெட் கம்பெனியிலிருந்து வந்தவள். அந்தக் கட்டிடத்துக் கடைகள் எல்லாவற்றுக்கும் ஒரே இணைப்பு. அங்கிருந்து ஊர் உலகத்துக்கெல்லாம் குப்பை மெயில் போய்க்கொண்டிருக்கிறது என்று கம்பெனி அதை நிறுத்தி வைத்திருந்தது. கடை கடையாகத் தேடி, குப்பை கிளம்பும் இடம் போட்டோக்கடைக் கம்ப்யூட்டர்தான் என்று கண்டுபிடித்திருந்தாள்.

அவர் எடுக்காதே என்றது, தொலைவிலிருந்து இந்தக் கம்ப்யூட்டரை இயக்குவதற்கான ஒரு புரோகிராமை. தூரத்து நகரத்தில் வேலை பார்க்கும் அவருடைய ஒரே மகன் போட்டுக் கொடுத்தது. படங்கள் சிக்கிக்கொண்டாலோ பிரிண்டர் சண்டித்தனம் செய்தாலோ, மகன் அங்கிருந்தபடியே உள்ளே வருவான். இவர் மவுஸிலிருந்து கையை எடுத்துவிடுவார். திரையில் அம்புக்குறி தானாக நகரும். வேலை முடிந்ததும் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, 'எல்லாத்தையும் ஒரே இடத்துல கொட்டி வைக்காதீங்கப்பா' என்று எழுதிவிட்டுப் போவான். சில நாள் மனைவியும் கடைக்கு வந்து பின்னால் நின்று பார்ப்பாள். "பையன் இளைச்சுட்டான் போல" என்பாள், அம்புக்குறியைப் பார்த்து.

பிறகு சண்டை வந்தது. இந்தக் காலத்தில் யார் கடைக்கு வந்து போட்டோ எடுக்கிறார்கள், மூடிவிட்டு எங்களோடு வந்து இருங்கள் என்று மகன் சொன்னான். நல்லதற்குத்தான் சொன்னான். "இனிமே என் கடைப் பக்கம் தலைவச்சுப் படுக்காத" என்றார் இவர். அதோடு பேச்சு நின்றது. அம்புக்குறியும் நின்றது.

அடுத்த வருஷம் மனைவி படுக்கையில் விழுந்தாள். அந்த நாட்களில்தான் ஒரு மத்தியானம், அவர் கை படாமலே அம்புக்குறி நகர்ந்தது. நேராகப் போய் ஒரு கறுப்புக் கட்டத்தைத் திறந்தது, அதில் எழுத்துகள் கடகடவென்று ஓடின, கட்டம் மூடியது, எல்லாம் அடங்கிவிட்டது. அவர் கடையைப் பூட்டக்கூட மறந்து வீட்டுக்கு ஓடினார்.

"வந்துட்டான்."

"யாரு?"

"உன் புள்ளதான். கடைப் பக்கம் வராதன்னுதான சொன்னேன், கம்ப்யூட்டருக்குள்ள வந்து எட்டிப் பாத்துட்டுப் போறான் திருட்டுப் பய."

அவள் சிரித்தாள். அவள் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. "அப்படின்னா ஒரு போன் போட்டுக் குடுங்களேன். ரெண்டு வார்த்தை பேசிடறேன்."

வீட்டில் இருந்தது ஒரே போன், அது இவருடைய சட்டைப்பையில். "இப்பதான் மெல்ல இறங்கி வர்றான். நாம கூப்பிட்டா முறுக்கிக்குவான், வர்றதும் நின்னுடும். தானா பேசுவான், பொறு."

அவள் பொறுத்தாள். தினமும் சாயங்காலம் "இன்னிக்கி வந்தானா?" என்று கேட்பாள். வந்தான் என்பார். நடுநடுவே, "உடம்பு முடியலன்னாவது சொல்லுங்களேன்" என்பாள். அதற்கும் பொறு என்பார். அப்படியே ஒரு நாள் போய்ச் சேர்ந்தாள். மகன் வந்தான், அம்மா முகத்தைப் பார்த்து அழுதான், அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனான். இவருக்கு அதில்கூடப் பெரிய வருத்தமில்லை. ஊருக்கு முன்னால் பேச வெட்கப்படுகிறான், அதுதான் உள்ளே வருகிறானே என்று தேற்றிக்கொண்டார். அம்புக்குறியும் அதற்கப்புறம் வந்துகொண்டுதான் இருந்தது. பெத்த மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்?

"சார், வர்றது உங்க பையன் இல்ல. புழு" என்றாள் அந்தப் பெண்.

"என்னது?"

"கம்ப்யூட்டர் புழு. யாரும் எதையும் அமுக்க வேண்டாம், தானாவே மெஷின் மெஷினாப் போய், கதவு திறந்திருக்கான்னு பாக்கும். சுலபமான பாஸ்வேர்டா ஒரு மூட்டை வச்சிருக்கும், ஒண்ணொண்ணாப் போட்டுப் பாக்கும். உங்க பாஸ்வேர்டு ஒண்ணுலேருந்து எட்டு வரைக்கும். திறந்த வீட்டுல நாய் நுழைஞ்ச மாதிரி நுழைஞ்சிருச்சு. நுழைஞ்சதும் அத ஏவி விட்டவனுக்குத் தகவல் போயிடும். அவன் எங்கேயோ உக்காந்து இதுக்கு வேலை சொல்றான். அம்புக்குறிய நகர்த்துறது அவன்தான்."

"அவனுக்கு இந்தக் கடைல என்னம்மா வேலை?"

"இது கடைன்னே அவனுக்குத் தெரியாது சார். இந்த மாதிரி ஆயிரக்கணக்குல வச்சிருப்பான். பாஸ்வேர்ட மாத்தச் சொல்லி பையன் சொல்லலையா?"

"சொன்னான். மாத்திட்டா அவன் எப்படி வருவான்?"

அவள் திரையின் பக்கம் திரும்பினாள். அவர் விடுவதாக இல்லை. "உனக்குத் தெரியாதும்மா. அது அவனோட கை. நான் பாத்தா தெரியாதா?"

பக்கத்து மருந்துக்கடைக்காரர் அப்போதுதான் உள்ளே வந்தார், பில் போட முடியாத கடுப்பில். "நெட்டு எப்பம்மா வரும்? அது நிக்கிற வரைக்கும் என் மெஷின்ல வேற அம்பு அதுபாட்டுக்கு ஓடிட்டிருந்துச்சு. திடீர்னு ஒரு கறுப்புக் கட்டம் வரும், எழுத்தா ஓடும், மூடிக்கும். பேய் கீய் பிடிச்சிருக்கான்னு பாரு."

போட்டோக்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மருந்துக்கடைக்கு எதற்கு வரப்போகிறான் மகன்?

முயலின் நாலாவது காலை அவர் கண்ணால் பார்த்துவிட்டார். வாடிக்கையாளர்களைப் படமெடுக்க உட்கார வைக்கும் முக்காலியில் போய் உட்கார்ந்தார். "தினம் கேப்பாம்மா" என்றார், யாரிடம் என்றில்லாமல். "வந்தானான்னு. வந்தான்னு சொல்லிச் சொல்லியே அனுப்பி வச்சுட்டேன்." மருந்துக்கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் குரல் சரியில்லை என்று புரிந்தது. சத்தமில்லாமல் வெளியே போனார்.

"எடுத்துடட்டுமா சார்?" என்றாள் அந்தப் பெண்.

"எடுத்துடும்மா."

அவள் வேலையைப் பார்த்தாள். அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு மகனின் எண்ணை அழுத்தினார்.

"சொல்லுங்க" என்றான் மகன்.

அவருக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. "உங்கம்மா படுக்கைல இருந்தப்ப உன்கிட்ட பேசணும்னு கேட்டுட்டே இருந்தாடா. நான்தான் போன் போட்டுக் குடுக்கல. நீ வந்துட்டுப் போறேன்னு நெனச்சேன். நீ வரல."

வைத்துவிட்டானோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தார், வைக்கவில்லை. திட்டுவான் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

"அம்மா கேட்டாங்களா?" என்றான் மகன். "அவங்களுக்கும் என்மேல கோபம்னுல்ல இவ்வளவு நாளா நெனச்சிட்டிருக்கேன்."