விசாலம் தரையில் உட்கார்ந்த கதை

1

இந்தக் கதை எனக்குச் சுண்டலோடு சேர்ந்து கிடைத்தது. 2008 நவராத்திரி, மராத்திக்காரர்கள் நிறைந்த ஔந்தில் எங்கள் பில்டிங், எதிர் ஃப்ளாட் விசாலத்தின் கொலு. பாதி நடந்தது, பாதி நான் சேர்த்தது. பெயர்களை மாற்றிவிட்டேன். எது எந்தப் பாதி என்று கேட்காதீர்கள், எனக்கே குழம்பிவிட்டது.

2

“எழுபத்தொரு வயதிலும் விசாலம் மானைப் போல...” வேண்டாம், அவளே சிரிப்பாள்.

“ஆரோக்கியம் என்பது யாதெனில்...” நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.

நேராகவே சொல்கிறேன். விசாலம் தனியாக இருக்கிறாள். பக்கத்துப் பேட்டை வாகடில் இருக்கும் மகன் ஜெயந்த் ஒரு நிபந்தனை போட்டிருந்தான்.

“நீயா உக்காந்து நீயா எழுந்துக்கற வரைக்கும் இங்க இரும்மா. முடியலைன்னா எங்களோட வந்துடணும்.”

அவளுக்கோ அந்த ஃப்ளாட்தான் உயிர். தினம் பார்க்கில் வேக நடை, ஹாஸ்ய கிளப்பில் கையைத் தூக்கி ஹாஹா, ராத்திரிக்கு இரண்டே புல்கா.

[இங்கே எனக்கே சந்தேகம் வருகிறது. இவ்வளவு செய்கிறவள் தரையில் உட்கார்ந்து எத்தனை வருஷமாயிற்று என்று எப்படி யோசிக்காமல் இருந்தாள்? சோபா, கட்டில், சாப்பாட்டு மேஜை. நாம் மட்டும் யோசித்தோமா?]

3

கூடம் நிறைய ஜமக்காளம். மருமகள் ஸ்ரீவித்யா பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“அம்மா, இதுல உக்காருங்கோ.”

“நாற்காலியெல்லாம் கிழவிகளுக்குடீ!” என்று விசாலம் சப்பணமிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

(ஏற்கெனவே நாற்காலியில் இருந்தவள் நான். இன்னும் மன்னிக்கவில்லை.)

பாட்டு முடிந்தது. தாம்பூலம் கொடுக்க எழுந்திருக்க வேண்டும். விசாலம் ஒரு கையை ஊன்றினாள். உடம்பு அசையவில்லை. சட்டென்று அந்தக் கையால் ஜமக்காளச் சுருக்கத்தை நீவினாள்.

“இன்னொரு பாட்டு பாடுங்கோளேன்!”

பாடினார்கள்.

“இன்னும் ஒண்ணு!”

கீழ் வீட்டு மராத்திப் பெண் அம்ருதா, “ஆஜிக்கு என்ன உத்ஸாஹ்!” என்று பாட்டியின் உற்சாகத்தில் அசந்துபோனாள்.

“வித்யா, தாம்பூலம் நீயே குடு. இந்தாத்துக்கு இனிமே நீதானே எல்லாம்.”

ஸ்ரீவித்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் மரியாதை, பாவம்.

4

எல்லோரும் போனார்கள். ஜெயந்த் வாசலில் ஷூ மாட்டிக்கொண்டே, “அம்மா, கிளம்பறோம், லிஃப்ட் வரைக்கும் வாயேன்” என்கிறான்.

முடிவு ஒன்று: எழுந்துவிடுகிறாள். (பொய். அந்த முழங்காலை நான் பார்த்தேன்.)

முடிவு இரண்டு: மகன் வந்து தூக்குகிறான், நாளைக்கே பெட்டி கட்டு என்று...

முடிவு மூன்று எழுதும்போது விசாலத்தின் போன். இதுவரை எழுதியதை அவளுக்குப் படிக்கக் கொடுத்திருந்தேன்.

“பேரை மாத்தினா போறுமா, லலிதா? ஜெயந்துக்குத் தமிழ் படிக்க வராது. வித்யா எழுத்து விடாம படிப்பா. முடிவ மட்டும் எழுதித் தொலைக்காதே!”

எழுதவில்லை. நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் முதலில் இதை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்து காட்டுங்கள். விசாலம் எங்கே இருக்க வேண்டும் என்று எழுந்தவர்கள் சொல்லட்டும்.

என்னைக் கேட்காதீர்கள். நானும் உட்கார்ந்து பார்த்தேன். இந்த வரியை மடியில் லேப்டாப்போடு தரையிலிருந்துதான் அடித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் யாரும் இல்லை.