நல்லொழுக்கச் சங்கத்தின் தாயக்கட்டம்

இலக்கத்தட்டைச் சுழற்றிப் பேசும் தொலைபேசி தூத்துக்குடியின் பெரிய வீடுகளுக்கு வந்து சேர்ந்திருந்த காலம் அது. துறைமுக நகரம் ஒன்றின் கையில் இப்படி ஒரு கருவி கிடைத்தால் எதற்கெல்லாம் பயன்படும்? பிரசவ வலியில் துடிப்பவளுக்கு மருத்துவரை அழைக்கலாம். கடல் குணம் மாறும் சேதியைக் கரையோர ஊர்களுக்கு முந்திச் சொல்லலாம். வழக்கறிஞர் பொன்னுதுரையும் அவருடைய நண்பர்கள் மூவரும் மூன்று மாலைகள் கூடி, தட்டு நிறைய மக்ரூன் தின்று, ஆழ்ந்து ஆலோசித்தார்கள். தொலைபேசியில் தாயம் ஆடுவது என்று தீர்மானித்தார்கள்.

நால்வரும் ஐக்கிய நல்லொழுக்கச் சங்கத்தின் தூண்கள். பொன்னுதுரை நாசரேத்துக்காரர், சங்கத்தின் செயலாளர். டாக்டர் சுந்தர்சிங் சாத்தான்குளத்துக்காரர். கிருபாநிதி உப்பளங்களுக்கு உரிமையாளர். பேசுவதற்குக் கருத்தும் இல்லாதவர், பேசும் வழக்கமும் இல்லாதவர். நான்காமவர் ரோச், கொழும்புக்குத் தோணி விடும் முதலாளி, மற்ற மூவரும் புராட்டஸ்டண்டாக இருக்க இவர் மட்டும் கத்தோலிக்கர். சங்கத்தின் பெயரில் 'ஐக்கிய' என்ற சொல் நிலைப்பதற்காகவே அவரைச் சேர்த்திருந்தார்கள்.

ஒரே ஊரில், ஒரே மாலையில், ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடக்கூடிய ஆட்டம்தான் அது. ஆனால் மேசையைச் சுற்றி உட்கார்வது எவனுக்கும் முடியும். தொலைபேசியில் ஆடுவது தொலைபேசி உள்ளவனுக்கு மட்டுமே முடியும். அந்த வேறுபாட்டைக் காப்பாற்றத்தான் இத்தனை ஏற்பாடு.

ஏற்பாடு இதுதான். சங்கத்தின் வாசகசாலையில் சுவர் அகலத்துக்கு ஓர் அறிவிப்புப் பலகை இருந்தது. அதில் தாயக்கட்டம் வரையப்படும். நான்கு நிறக் குண்டூசிகள், ஆளுக்கு நான்கு, நால்வரின் காய்கள். மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிலிருந்து சங்கத்து எண்ணைச் சுழற்ற வேண்டும். வாசகசாலை எழுத்தர் ஜெயசெல்வி எடுத்துப் பேசி, பலகையில் யார் காய் எங்கே நிற்கிறது என்று ஒப்பிப்பாள். அவருக்கு விழுந்த எண்ணைச் சொல்வாள். அவர் சொல்லும் காயை நகர்த்துவாள். அவர் வைத்தபின் அடுத்தவர் சுழற்றலாம். ஒருவர் பேசும்போது மற்றவருக்கு இணைப்புக் கிடைக்காது. அதனால் நாலேகால் மணிக்கே சண்டை தொடங்கிவிடும்.

அதுவரை அந்தப் பலகை வெறுமையாக இருக்கவில்லை. சங்கு குளிக்கும் பருவம் எப்போது திறக்கிறது, எந்தத் தோணி என்று புறப்படுகிறது, எந்த அலுவலகத்தில் வேலை காலி என்று பத்திரிகை வாங்க வழியில்லாதவர்கள் வந்து படித்துப் போன பலகை அது. ஆலந்தலையிலிருந்து பேருந்து ஏறி வந்த சங்கு குளிப்பவர் ஒருவர், பருவ அறிவிப்பு இருந்த இடத்தில் நான்கு கை விரித்து நின்ற கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது எந்தக் கடலுக்குள்ள வரைபடம்மா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருமுன் போய்விட்டார்.

பலகையைக் காலி செய்யச் சொன்ன அன்று, அறிவிப்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிய ஜெயசெல்வியின் கையில் ஒரு தாள் நின்றது. தொலைபேசி இணைப்பகத்தில் வெளியூர் அழைப்புகளை இணைக்கப் பெண்கள் தேவை. பள்ளியிறுதித் தேர்ச்சியும், தற்போது வேலை பார்க்கும் இடத்திலிருந்து நன்னடத்தைச் சான்றும் வேண்டும். தேர்ச்சி அவளிடம் இருந்தது. சான்றில் பொன்னுதுரை கையெழுத்திட வேண்டும். அவளுடைய தகப்பனார் சாத்தான்குளத்து வேதக்கோயிலில் மணி அடிப்பவர். மனைவியை இழந்து மூன்று பிள்ளைகளோடு நிற்கும் உபதேசியார் ஒருவருக்கு மகளைக் கொடுப்பதாக வாக்களித்திருந்தார். சர்க்கார் வேலை கிடைத்தால் அந்தப் பேச்சை விட்டுவிடுவதாக மகளுக்கும் வாக்களித்திருந்தார். அவளுடைய வாழ்வு இப்போது ஒரு கையெழுத்தின் அகலத்தில் இருந்தது.

சான்றைத் தட்டச்சு செய்து செயலாளரின் மேசையில் வைத்தாள். "ஆட்டம் முடியட்டும், போட்டுத் தாரேன்" என்றார் அவர். விண்ணப்பம் ஐந்து வாரம் கழித்து வரும் சனிக்கிழமைக்குள் மதுரை போய்ச் சேர வேண்டும் என்று அவள் சொன்னதற்கு, "அதுக்குள்ள முடிஞ்சுரும்" என்றார். ஒரு பெண்ணின் பிழைப்பைத் தாயத்தின் முடிவோடு முடிச்சுப் போடுகிறோம் என்ற எண்ணம் அந்த நல்லொழுக்க நெஞ்சைத் தொடவில்லை.

தாயக்கட்டை உருட்டுவது பற்றி முதலிலேயே வாதம் எழுந்தது. கட்டை சூதுக்குரிய பொருள், சிலுவையின் அடியில் ஆண்டவரின் அங்கிக்காகச் சீட்டுப் போட்ட படைவீரர்களின் பாவம் அது என்றார் பொன்னுதுரை.

"எங்க வீட்டுல தாயம் ஆடுனாப் பாவம் இல்ல அண்ணாச்சி. தோத்தாத்தான் பாவம்" என்றார் ரோச்.

பாவத்தைத் தவிர்க்கப் பொன்னுதுரை ஒரு வழி கண்டார். அவர்கள் வீடுகளில் புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் ஒரு பெட்டி வரும். அதில் வசன அட்டைகள். ஆளுக்கு ஒன்றைக் கண்ணை மூடி எடுப்பார்கள். எடுத்த வசனம் அந்த ஆண்டுக்கு அவருக்குக் கிடைத்த வாக்கு. அட்டையைத் தம் வேதப்புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வார். கட்டைக்குப் பதில் அந்தப் பெட்டி என்று முடிவாயிற்று. ஜெயசெல்வி ஓர் அட்டை எடுப்பாள். வசனத்தின் எண் ஒன்று முதல் ஆறு வரை என்றால் அத்தனை கட்டம். அதற்கு மேல் என்றால் காய் நகராது. எடுத்த அட்டை மீண்டும் பெட்டிக்குள் போய்விடும். கட்டையை உருட்டுவது பாவம், கடவுளின் வாக்கை உருட்டுவது பக்தி. இப்படித்தான் தீர்ந்தது அவர்களுடைய மனச்சாட்சியின் வழக்கு.

ஆட்டம் தொடங்கிய முதல் வாரம் ஒருவருடைய காயும் கட்டத்துக்குள் ஏறவில்லை. தாயம், அதாவது ஒன்று, விழுந்தால்தான் ஏறலாம் என்பது விதி. ஒன்று விழவே இல்லை. ஆறு நாள், நான்கு பேர், ஒருமுறைகூட இல்லை. நான்கு பட்டதாரி மூளைகளுக்கும் பெட்டியைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை; விதியைத் திருத்தத் தோன்றிற்று. எந்த எண் விழுந்தாலும் ஏறலாம் என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். நாட்டில் எத்தனையோ காரியங்கள் இந்த முறையில்தான் நடக்கின்றன.

நான்காவது வாரத்துக்குள் பொன்னுதுரையின் மூன்று காய்கள் கட்டத்தைச் சுற்றி முடித்துப் பழமாகிவிட்டன. நான்காவது காய் பழத்துக்கு ஒரு கட்டம் முன்னால் வந்து நின்றது. ஒன்று விழ வேண்டும். ஒன்பது நாளாகக் காய் அங்கேயே நின்றது. வியாழக்கிழமை நான்கு மணிக்கு அவருடைய அழைப்பு வந்தது.

"எடுத்துட்டேன் ஐயா. பதினாலு" என்றாள் ஜெயசெல்வி.

"ஏளா, பாக்காம எடுத்தா பதினாலுதான் வரும். பாத்து எடு."

"பாத்து எடுத்தா அது ஆட்டம் இல்லையே ஐயா."

"உன் சர்டிபிகேட் எம் மேசையிலதான் கிடக்கு. ஞாபகம் இருக்கட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

வாசகசாலையைப் பெருக்கிக்கொண்டிருந்த வடிவம்மாள் நிமிர்ந்தாள். "என்னளா சொல்லுதாரு வக்கீலு?"

"அவருக்கு ஒண்ணு வேணுமாம் வடிவக்கா."

"காரு இருக்கு, பங்களா இருக்கு. இன்னும் ஒண்ணு வேணுமாக்கும்" என்றாள் வடிவம்மாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு விசாரணை. ஒன்று உள்ள அட்டையை எவரோ ஒளித்துவிட்டதாகப் பொன்னுதுரை குற்றம் சாட்டினார். நால்வரும் நான்கு கார்களில் வந்து இறங்கினார்கள். இரண்டு மணி நேரத்தில் தபாலாபீசில் பதிவுத் தபால் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். ஜெயசெல்வி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி அட்டைகளை மேசையில் பரப்பினாள். ஐம்பது இருக்க வேண்டியதில் நாற்பத்தைந்து இருந்தன. முதல் வசனம், அதாவது எண் ஒன்று, உள்ள அட்டை ஒன்றுகூட இல்லை.

"நான் சொன்னம்லா" என்றார் பொன்னுதுரை. "ரோச்சுக்குச் சாதகமா எடுத்து ஒளிச்சிருக்கா. இவ நடத்தைக்கு நான் சான்று குடுக்கணுமாம்."

"எனக்குச் சாதகமா? என் காய் ரெண்டு இன்னும் பாதி வழியில நிக்கு வேய்" என்றார் ரோச்.

"சின்னப் பிள்ள. ஒத்துக்கிட்டா மன்னிச்சுருவோம்" என்றார் டாக்டர்.

செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு வழங்குவதைவிட மலிவான பெருந்தன்மை உலகத்தில் இல்லை. ஜெயசெல்வி அதை வாங்கவில்லை. பதிவேட்டை எடுத்துப் பிரித்து வைத்தாள்.

"பெட்டி இங்கன வந்த அன்னைக்கே நாப்பத்தஞ்சுதான் ஐயா. எண்ணி எழுதி உங்ககிட்டயே கையெழுத்து வாங்கிருக்கேன்."

கையெழுத்து இருந்தது. தாம் படிக்காமல் போட்ட கையெழுத்தைப் பொன்னுதுரை வெறித்துப் பார்த்தார்.

"பெட்டி யாரு வீட்டுல இருந்து வந்துச்சு?" என்று ரோச் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல், "ஏம்மா, வக்கீல் வீட்டு நம்பரைச் சுத்து" என்றார்.

ஜெயசெல்வி சுழற்றினாள். பொன்னுதுரையின் மனைவி கிருபை அம்மாளின் குரல், தொலைபேசி இல்லாமலே தெருக்கோடிக்குக் கேட்கும் குரல். ரிசீவரைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்ததும் அறை முழுவதும் கேட்டது.

"முதல் வசன அட்டையா? அஞ்சும் இங்கனதான இருக்கு. ஆளுக்கு ஒண்ணு வேதத்துக்குள்ள வச்சிருக்கோம்."

"அஞ்சு பேருக்கும் முதல் வசனமேவா விழுந்துச்சு அம்மா?" என்று கேட்டாள் ஜெயசெல்வி.

"விழுமா? அவியதான், நம்ம வீட்டுக்கு முதல் வசனந்தான் வரணும், அப்பந்தான் வருசம் பூரா முதலா நிப்போம்னு சொல்லி, வேற எது வந்தாலும் திருப்பிப் போட்டு எடுக்கச் சொன்னாவ. சின்னவன் பதினேழு தடவ எடுத்தான். ஏன், அவிய அங்கன இல்லையா?"

கடவுளிடம் வாக்குக் கேட்பதாகச் சொல்லி, தமக்குப் பிடித்த வாக்கு வரும்வரை கடவுளைத் திருப்பித் திருப்பிப் பெட்டிக்குள் போட்ட மனிதர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒன்பது நாளாக அவர் வெறியோடு தேடிய தாயம், ஒவ்வொரு காலையும் அவர் முழங்காலில் நின்று பிரித்த புத்தகத்துக்குள் கிடந்திருக்கிறது. ரோச் சிரித்த சிரிப்பில் கிருபாநிதிகூடச் சிரித்துவிட்டார். அந்த ஐந்து வாரத்தில் அவர் செய்த ஒரே தெளிவான காரியம் அது.

வெட்கம் வரும் என்று எதிர்பார்ப்பவர் இத்தகைய கனவான்களை அறியாதவர். கார் போய் ஐந்து அட்டைகளையும் கொண்டுவந்தது. எல்லாவற்றையும் பெட்டியில் போட்டார்கள். மனிதர் தவறுவது இயல்பு என்றார் டாக்டர். ஒருவரையொருவர் மன்னித்துக்கொண்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவளிடம் ஒரு சொல் சொல்ல எவருக்கும் நினைவில்லை. ஆட்டம் தொடர வேண்டும், முதல் முறை பொன்னுதுரைக்கு. தொலைபேசியில்தான் ஆட வேண்டும் என்பது விதியாதலால், நால்வரும் வீட்டுக்குப் போய்ச் சுழற்றுவதற்காகக் கார்ச் சாவிகளை எடுத்தார்கள். அட்டைப் பெட்டி அவர்களுடைய முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது.

"ஐயா, சான்று" என்றாள் ஜெயசெல்வி. மணி நாலு இருபது.

"நீ போயிட்டா பலகைய யாரு பாக்கது? புதுசா ஒரு பிள்ளையப் பழக்க மாசக்கணக்காகும். அடுத்த வருசமும் ஆள் எடுப்பாவ."

அவள் பெட்டியை மூடினாள். அதில் ஒரு சிறு பூட்டு உண்டு. பூட்டி, சாவியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"கையெழுத்து விழாம இந்தப் பொட்டி தொறக்காது ஐயா."

"திமிரப் பாரும்" என்றார் டாக்டர்.

"கோயில் மணி அடிக்கவன் மக எங்கிட்டப் பேரம் பேசுதா" என்றார் பொன்னுதுரை.

"பேரம் இல்ல ஐயா. அஞ்சு வாரம் நேர்மையா எடுத்தேன். அத எழுதித் தாங்கன்னு கேக்கேன். முடியாதுன்னா வீட்டுக்குப் போங்க, நீங்க சுத்துனா எடுத்துப் பேசுதேன், உங்க காய் எங்கன நிக்குன்னு தினமும் சொல்லுதேன். சீட்டு எடுக்க மாட்டேன்."

பொன்னுதுரையின் கண் பலகைக்குப் போனது. பழத்துக்கு ஒரு கட்டம் முன்னால் அவருடைய சிவப்புக் குண்டூசி. பெட்டிக்குள் இப்போது ஐந்து தாயம்.

"போடும் வேய். ஒத்தக் கட்டத்துல ஒம்பது நாளா நிக்கீரு. பாக்க எனக்கே பாவமா இருக்கு" என்றார் ரோச்.

நீதி கேட்டபோது அசையாத பேனா ஆசை கேட்டபோது அசைந்தது. 'நேர்மையும் நன்னடத்தையும் உடையவர்' என்று அவள் தட்டச்சு செய்திருந்த வரியின் கீழ் அவர் கையெழுத்திட்டார். அவள் முத்திரையைத் தானே எடுத்துக் குத்தினாள். எழுத்தையும் தேதியையும் இருமுறை சரிபார்த்தாள். பிறகு பூட்டைத் திறந்து, மூடியை நிமிர்த்தி, பெட்டியை மேசை நடுவில் வைத்தாள்.

நான்கு கார்களும் நான்கு திசையில் விரைந்தன. ஜெயசெல்வி உறையை ஒட்டி எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். உப்பு வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அவற்றுக்கு வழிவிட்டு நிற்க அவளுக்கு நேரம் இல்லை. இடையில் புகுந்து ஓடினாள்.

வாசகசாலையில் தொலைபேசி அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. மூன்றாவது முறை, வடிவம்மாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ரிசீவரை எடுத்தாள்.

"புள்ள தபாலாபீசுக்குப் போயிருக்கு ஐயா. பொட்டி தொறந்துதான் கிடக்கு. ஒண்ணு வேணும்னா நீங்களே வந்து எடுத்துக்கிடுங்க."