பின்சீட்டு

புருஷனோடு ஐந்து நாள் தனியாக இருக்க விலை பதினோராயிரத்து நானூறு ரிங்கிட். நளினி மூன்று ஏஜெண்டுகளைக் கசக்கிப் பிழிந்து இறக்கிய விலை அது. தென் ஆஸ்திரேலியாவில் திராட்சைக் குன்றுகளுக்கு நடுவே ஒரு குடில், வாடகைக் கார், ஒரு நாளைக்கு மூன்று இடத்தில் ஒயின் ருசி பார்க்கலாம்.

கல்யாணமான பதினொரு வருஷத்தில் அவளும் காந்தனும் தனியாகப் போனது ஒரே தடவை, கடலோரத்துக் கோலா சுங்கை பாருவுக்கு, மீன் வாங்க. அன்றைக்கும் மாமனார் நாகமுத்து மூன்று தடவை போன் செய்து, செதில் எடுத்தாயிற்றா என்று கேட்டார். சிம்பாங் அம்பாட்டில் அவருடைய மளிகைக் கடைக்கு மேல்தான் வீடு. அறைகளுக்கு நடுவே வெறும் பலகை. நளினி இருமினால், அந்தப் பக்கத்திலிருந்து நாத்தனார் சாந்தி தைலத்தோடு வந்து நிற்பாள்.

வீட்டில் குடி, மது என்ற பேச்சையே எடுக்க முடியாது. ஆகவே சாப்பாட்டு வேளையில் நளினி சாமர்த்தியமாக அந்த வார்த்தையை விழுங்கிவிட்டாள்.

"லீவுக்கு ஆஸ்திரேலியா போறோம் மாமா. திராட்சைத் தோட்டம் பார்க்க."

மலாக்காவில் தோட்டம் என்றால் பூச்செடி இல்லை, எஸ்டேட். ரசத்துக்குள் நாகமுத்துவின் கை நின்றது.

"தோட்டமா? எத்தன ஏக்கர்?"

"சும்மா பார்க்கத்தான் மாமா."

"எல்லாரும் பார்த்துட்டுத்தான் வாங்குறான். வெள்ளைக்காரன் மொதல்ல சொல்ற விலைக்கே இவன் தலையாட்டிருவான் லா. விலை பேச நான் வர்றேன்."

தலையாட்டக்கூடிய காந்தன் அப்பளத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை கடைக்கு இறங்கினால், கல்லாவில் மாமனாரின் பாஸ்போர்ட். இனி உண்மைதான் வழி. திட்டட்டும், முகத்தில் விழிக்காதே என்று சொல்லட்டும். இரண்டு பேர் மட்டும் போனால் போதும். வசவுக்கு முதுகைத் தயார் செய்துகொண்டு சொன்னாள்:

"அது வாங்குற தோட்டம் இல்ல மாமா. ஒயின் குடிக்கப் போறோம். நானுந்தான் குடிப்பேன்."

நாகமுத்து பருப்பை நிறுத்து முடித்தார். பொட்டலம் கட்டினார்.

"எத்தன கடை?"

"ஒரு நாளைக்கு மூணு."

"மூணு கடையில குடிச்சிட்டு, வண்டி யாரு ஓட்டுவா?"

எந்த ஏஜெண்டிடமும் அவள் கேட்காத கேள்வி.

"அங்கயும் இடது பக்கந்தான் ஓட்டுறான். என் லைசென்ஸ் இன்னும் ரெண்டு வருசம் இருக்கு. நீங்க உள்ள போய்க் குடிங்க, நான் வெளிய வண்டியில இருக்கேன். ஏன் குடிக்கிறீங்கன்னு நான் கேட்டேனாம்மா?"

கோபத்துக்குத்தான் பதில் வைத்திருந்தாள். வந்தது கரிசனம்.

"அப்பாவுக்கு இனிப்பு நீர் வியாதி! வெளிச் சாப்பாடு ஆகாது!" மாடிப்படியில் சாந்தியின் குரல். "ரைஸ் குக்கரை நான் தூக்கிக்கிறேன், நளினி. நீ ஒண்ணும் கவலைப்படாத."

பதினோரு மணிக்கு ஏஜெண்ட் போனில் கூப்பிட்டாள். "காரு அஞ்சு சீட்டு போதுமாக்கா?"

நளினி ஒரு பில்லைத் திருப்பிப் போட்டு எழுதினாள். ஓட்ட மாமா, ஒன்று. பக்கத்தில் வழி சொல்லக் காந்தன், ஒன்று. பின்னால் ஜன்னலோரம் சாந்தி அண்ணி, ஒன்று. மறு ஜன்னலோரம் குக்கரும் அரிசியும், ஒன்று. நடுவில் நளினி, ஒன்று.

ஆக ஐந்து. மீதி இல்லை.