நாலாம் வாசலில் நிறுத்து

மூட்டை தூக்கியே முதுகு போன மேஸ்திரியைக் கிடங்குக்காரர்கள் கடைசியில் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அப்பாடா என்றுதான் உட்கார்ந்தார். எழுதுவது மூட்டையைவிடக் கனம் என்று ஒரே வாரத்தில் தெரிந்துபோயிற்று. நாற்பதைத் தாண்டி எழுத்துக் கூட்டப் பழகிய மனிதர். ஒற்றை விரலால் கோழி கொத்துவதுபோலக் கொத்தி ஒரு வரி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும்.

வேலை இதுதான். லாரி, சரக்கு, ஆட்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளக் கிடங்குக்கு ஒரு ஏஐ ஏஜென்ட் வந்திருந்தது. வாயால் சொன்னால் போதும், கணினியில் தானே காரியத்தை முடித்துவிடும். ஆனால் கணினியில் இருக்கும் ஒவ்வொரு கருவியும் எதற்கு, எப்போது தொடலாம், எப்போது தொடக் கூடாது என்று யாராவது அதற்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஆட்கள் அதற்கு வைத்த பெயர் புது மாப்பிள்ளை. எல்லாவற்றையும் கைக்குக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும், குறை மட்டும் சொல்லக் கூடாது.

"அநியாயம் மாமா. அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம். அதுக்குள்ள இது மாப்பிள்ளை ஆயிடுச்சே!" என்றான் நெட்டை.

நெட்டை மேஸ்திரியின் மச்சினன். அதே கிடங்கில் பாரம் ஏற்றுபவன். பையனுக்கு நிரந்தர வேலை என்று சொல்லித்தான் பெண் கேட்டார்கள். சொன்னது மேஸ்திரியின் வாய்.

மென்பொருள் பிரிவுப் பெண் முதல் நாளே சொல்லியிருந்தாள்: "நீங்க எழுதுறது மட்டும்தான் அதுக்குத் தெரியும் சார். மனசுல வச்சிருக்கிறது தெரியாது. ஆளுங்க பேசுற மாதிரியே எழுதுங்க."

பேசுகிற மாதிரியே எழுதினார். ஆட்களின் பட்டப்பெயர்களைக்கூட விடவில்லை. லாரிகள் முதுகைக் காட்டி நிற்கும் இடத்துக்கு அங்கே வாசல் என்று பெயர். அங்கே ஆள் அனுப்பும் கருவிக்கு, "வாசலில் ஆளைப் போட" என்று எழுதினார். வேலையை விட்டு அனுப்பும் கருவிக்கு வந்தபோது விரல் இறங்கவில்லை. போன மழைக்காலத்தில் பாதிப் பேரை ஒரே நாளில் நிறுத்தினார்கள். அந்தச் சொல் அன்றைக்கு வயிற்றில் விழுந்தது, இன்னும் செரிக்கவில்லை. "ஆளை நிறுத்த" என்று கொத்தி முடித்தார்.

எப்போது தொடக் கூடாது என்ற கட்டம் மிச்சம் இருந்தது. எப்போதுமே தொடக் கூடாது என்று எழுதத்தான் கை பரபரத்தது. மேலாளர் பார்த்தால் என்ன ஆகும்? காலியாக விட்டார்.

"சுருக்கமா, நல்லா இருக்கு சார்" என்று அந்தப் பெண் வாங்கிக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை காலை நாலாம் வாசலுக்கு இரண்டு லாரிகள் சேர்ந்தாற்போல வந்துவிட்டன. சூப்பர்வைசர் போனில் கத்தினார்: "யோவ் மாப்பிள்ளே, நாலாம் வாசல்ல நெட்டையை நிறுத்துய்யா!"

"நிறுத்தியாகிவிட்டது" என்று பணிவாகப் பதில் வந்தது. சூப்பர்வைசர் நிம்மதியாக வேறு பக்கம் போனார்.

டீ குடித்துவிட்டு வந்த நெட்டை அட்டையைக் காட்டினான். கேட் சிவப்பாக முறைத்தது.

"மாமா, கதவு தொறக்க மாட்டேங்குது. மாப்பிள்ளைக்கு மாப்பிள்ளை மேல பொறாமையா?" என்று சிரித்தான். திரையில் நெட்டையின் பெயருக்கு எதிரே வேலைநீக்கம் என்று இருந்ததைப் பார்த்த மேஸ்திரிக்குச் சிரிப்பு வரவில்லை.

மேலாளர் அறைக்கு ஓடினார்.

"தப்புதான், இல்லேங்கலை" என்றார் மேலாளர். "ஆனா அவன் பேரு ஆள் பட்டியலை விட்டு வெளிய போயாச்சு. இனிமே புது ஆளாத்தான் எடுக்கணும்."

"எடுங்க சார். இப்பவே எடுங்க."

"ஆள் எடுக்கிறதைத்தான் மேல நிறுத்தி வச்சிருக்காங்களே, மேஸ்திரி."

அதே சொல். இந்த முறை யாருக்கும் அதில் குழப்பம் இல்லை.

மத்தியானம் அந்தப் பெண் வந்தாள். "அந்தக் காலிக் கட்டத்தை நான் பார்த்திருக்கணும் சார்" என்றாள். குரல் இறங்கியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சரிசெய்தாள். இனிமேல் மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அது யாரையும் நீக்காது. தப்பாகப் புரிய இடம் இருக்கிற வாக்கியம் ஒன்றை உதாரணமாகச் சேர்க்கச் சொன்னாள்.

மேஸ்திரி கொத்தினார்: "நாலாம் வாசலில் நெட்டையை நிறுத்து. இதற்கு வேலைநீக்கம் என்று பொருள் இல்லை."

"பேர் வேண்டாம் சார். 'ஒரு ஆளை'ன்னு போட்டாலே போதும்."

நெட்டையை அழித்தார். அழிக்கிற பொத்தானை மட்டும் விரல் தேடவே இல்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் எதிரே நெட்டை. செருப்பைக் கழற்றாமல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தான். பெண் வீட்டார் அதற்குள் போன் பண்ணி, கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். மேஸ்திரி அவன் தோளை உரசாமல் ஒதுங்கி உள்ளே போனார்.

"உள்ள வாடா. ஏன் வாசல்லயே நிக்கிறே?" என்று அடுப்படியிலிருந்து அவன் அக்கா கூப்பிட்டாள்.

நெட்டை நகரவில்லை.

"மாமாதான்க்கா நிறுத்தியிருக்காரு."